மடங்கு மூலங்களைக் கண்டுபிடிக்கச் சமன்பாட்டைத் தீர்த்தாக வேண்டுமா?

ரோஸ்ஹில் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் மொரீசியஸில் எச்.எஸ்.சி. என்ற உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். இருபடிச் சமன்பாட்டுக்குச் சம மூலங்கள் உண்டா என்பதைத் தன்மைகாட்டியைக் கொண்டு உடனே சொல்லிவிடலாம். ஆனால் படி உயர்ந்தால் என்ன செய்வது என்பதற்குப் பாடநூலில் விளக்கமில்லை. மாறியை ய என்று எழுதினால், என்னிடம் உள்ள கணக்கு இதுதான்:

ய⁶ − 2ய⁵ + 2ய + 1 = 0

இதற்கு மடங்கு மூலம், அதாவது ஒரு முறைக்கு மேல் வரும் மூலம், உண்டா, உண்டென்றால் எது என்று கேட்கிறார்கள். முதல் கெழுவும் மாறிலி உறுப்பும் 1 என்பதால், விகிதமுறு மூலம் இருந்தால் அது 1 ஆகவோ −1 ஆகவோதான் இருக்க முடியும். இரண்டையும் இட்டுப் பார்த்தேன். இரண்டு முறையும் 2 என்றே மதிப்பு வருகிறது. ஆறாம் படிக்குப் பொதுச் சூத்திரமும் கிடையாது என்கிறார்கள். மூலங்களே தெரியாதபோது, அவற்றுள் எது இரண்டு முறை வருகிறது என்று எப்படிச் சொல்வது?

கத்ர்போர்ன் ஆசிரியர்:

நல்ல கேள்வி அம்மா. முதலில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மூலம் இரட்டிக்கிறதா என்பதை அறிய மூலங்கள் தெரிய வேண்டியதில்லை. அந்தச் செய்தி கெழுக்களிலேயே இருக்கிறது, வகுத்தல் மட்டும் தெரிந்தால் அதை வெளியே எடுத்துவிடலாம்.

ப(ய) என்ற பல்லுறுப்புக்கோவைக்கு அ என்ற எண் இரட்டை மூலமாக இருந்தால், ப(ய) = (ய − அ)²·வ(ய) என்று எழுதலாம். இதை வகையிட்டால் ப′(ய) = 2(ய − அ)·வ(ய) + (ய − அ)²·வ′(ய) என்று வரும். இரண்டு உறுப்புகளிலும் (ய − அ) இருப்பதால், அ என்பது ப′ இன் மூலமும் ஆகிறது. மாறாக, அ ஒற்றை மூலமாக மட்டும் இருந்தால் ப′(அ) பூச்சியம் ஆகாது. பொதுவாகச் சொன்னால், ப இல் மூன்று முறை வரும் மூலம் ப′ இல் இரண்டு முறை வரும், இரண்டு முறை வருவது ஒரு முறை வரும், ஒரு முறை வருவது ப′ இல் வராமலே போய்விடும். ஆகவே ப, ப′ இரண்டுக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தியைக் கண்டுபிடித்தால், மடங்கு மூலங்கள் மட்டும் அதில் தங்கியிருக்கும். மீப்பெரு பொது வகுத்தியைக் காண யூக்ளிட் எண்களுக்குச் சொன்ன வகுத்தல் முறையே போதும். அதற்கு எந்த மூலமும் தெரிந்திருக்க வேண்டாம்.

உங்கள் கணக்கில் ப′ = 6ய⁵ − 10ய⁴ + 2. மாறிலிக் காரணிகள் நமக்குப் பொருட்டல்ல என்பதால், 2ஆல் வகுத்து ம = 3ய⁵ − 5ய⁴ + 1 என்று வைத்துக்கொள்வோம். பின்னங்கள் வராதிருக்க ப ஐ 9ஆல் பெருக்கி ம ஆல் வகுக்கிறேன்.

9ப = (3ய − 1)·ம − 5(ய⁴ − 3ய − 2)

மீதியில் உள்ள −5ஐ விட்டுவிட்டு, ய⁴ − 3ய − 2 ஆல் ம ஐ வகுக்க வேண்டும்.

ம = (3ய − 5)(ய⁴ − 3ய − 2) + 9(ய² − ய − 1)

மறுபடியும் 9ஐ விட்டுவிட்டு, ய² − ய − 1 ஆல் ய⁴ − 3ய − 2 ஐ வகுத்துப் பாருங்கள்.

ய⁴ − 3ய − 2 = (ய² + ய + 2)(ய² − ய − 1)

மீதி இல்லை. ஆகவே மீப்பெரு பொது வகுத்தி ய² − ய − 1. அதன் மூலங்கள் (1 + √5)/2, (1 − √5)/2 என்பவை. பொது வகுத்தியில் ஒவ்வொன்றும் ஒரு முறை வருவதால், உங்கள் சமன்பாட்டில் ஒவ்வொன்றும் இரண்டு முறை வருகிறது. வகுத்துப் பார்த்தால் முழுக் காரணிப்படுத்தலும் கிடைத்துவிடும்:

ய⁶ − 2ய⁵ + 2ய + 1 = (ய² − ய − 1)²(ய² + 1)

விகிதமுறு எண்களை எத்தனை இட்டுப் பார்த்தாலும் இந்த மூலங்கள் அகப்பட்டிருக்கமாட்டா. வகுத்தலோ மூன்று படிகளில் முடிந்துவிட்டது. மூலத்தைத் தேடுவதும் அதன் மடங்கைத் தேடுவதும் வேறு வேறு வேலைகள் என்பதையும், இரண்டாவதே எளியது என்பதையும் வகுப்பறையில் நாம் போதிய அளவு அழுத்திச் சொல்வதில்லை என்பது என் எண்ணம்.

ரோஸ்ஹில் மாணவி:

மிக்க நன்றி ஐயா. ஒவ்வொரு வகுத்தலையும் தாளில் போட்டுப் பார்த்துவிட்டேன். ஓர் ஐயம் மட்டும் உண்டு. ப′ இன் மூலங்களைக் கண்டுபிடித்து, அவற்றை ப இல் இட்டுப் பார்த்தால் போதாதா?

கத்ர்போர்ன் ஆசிரியர்:

ப′ எளிதாகக் காரணிப்படும்போது தாராளமாக அப்படியே செய்யலாம். தேர்வுத்தாளில் வரும் முப்படிக் கணக்குகள் பெரும்பாலும் அந்த வகைதான். ஆனால் இங்கே ப′ ஐந்தாம் படி. அதைத் தீர்ப்பதும் முதலில் கொடுத்த கணக்கைப் போன்றே கடினம். வகுத்தல் முறை அந்தச் சிக்கலுக்குள் போவதே இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். ப′(அ) = 0 என்பது மட்டும் போதாது, ப(அ) = 0 என்பதும் வேண்டும். வளைவரை ஓரிடத்தில் கிடைமட்டமாகத் திரும்பலாம், ஆனால் அச்சைத் தொடாமலே திரும்பலாம்.

மோக்கா வாசகர்:

ஆசிரியர் ஐயா சொன்ன முறைக்கு வகையிடல் தெரிந்திருக்க வேண்டும். வகையிடலைப் பற்றிய முதல் கட்டுரையை லைப்னிட்ஸ் அச்சிட்டது 1684இல். அதற்குக் கால் நூற்றாண்டு முன்னதாகவே, வெறும் பெருக்கலைக் கொண்டு மடங்கு மூலத்தைப் பிடிக்கும் விதி ஒன்று அச்சாகிவிட்டது. அதைச் சொன்னவர் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த யோஹான் ஹுடே. தெகார்த்தின் வடிவகணித நூலுக்கு வான் ஸ்கோட்டன் 1659இல் வெளியிட்ட லத்தீன் பதிப்பில் அது சேர்க்கப்பட்டிருந்தது.

விதி இதுதான். பல்லுறுப்புக்கோவையின் உறுப்புகளை, இல்லாத படிகளுக்குப் பூச்சியம் இட்டு, வரிசையாக எழுதிக்கொள்ள வேண்டும். ஏதேனும் ஒரு கூட்டுத் தொடரின் எண்களால் அவற்றை ஒவ்வொன்றாகப் பெருக்க வேண்டும். முதலில் கொடுத்த சமன்பாட்டுக்கு இரட்டை மூலம் இருந்தால், புதிய சமன்பாட்டுக்கும் அது மூலமாக இருக்கும்.

ய³ − 3ய + 2 = 0 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கெழுக்கள் 1, 0, −3, 2. இவற்றை 0, 1, 2, 3 ஆகியவற்றால் பெருக்கினால் 0, 0, −6, 6 என்று வரும். அதாவது −6ய + 6 = 0, ஆகவே ய = 1. அது மூலச் சமன்பாட்டையும் நிறைவு செய்கிறது. இரட்டை மூலம் ஒரே வரியில் கிடைத்துவிட்டது.

எந்தக் கூட்டுத் தொடரை எடுப்பது என்பது நம் விருப்பம் என்பதில்தான் விதியின் அழகு இருக்கிறது. மாணவியின் கணக்கிலேயே உயர்ந்த படியிலிருந்து தொடங்கி 0, 1, 2, 3, 4, 5, 6 என்று பெருக்கிப் பாருங்கள். −2ய⁵ + 10ய + 6, அதாவது ய⁵ − 5ய − 3 கிடைக்கும். இது ஆசிரியர் எடுத்த ம ஐவிடச் சிறியது. ம இலிருந்து இதன் மும்மடங்கைக் கழித்தால் −5(ய⁴ − 3ய − 2) என்ற அதே மீதி கழித்தலிலேயே வந்துவிடுகிறது!

இன்று நமக்குக் காரணமும் எளிதாகத் தெரிகிறது. கூட்டுத் தொடரால் பெருக்குவது என்பது ப, ய·ப′ என்ற இரண்டையும் ஏதோ ஒரு விகிதத்தில் சேர்ப்பதுதான். இரட்டை மூலத்தில் இரண்டுமே பூச்சியம் என்பதால் சேர்க்கையும் பூச்சியமே. 0 என்ற மூலத்தை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும், ஏனெனில் ய·ப′ இல் உள்ள ய அங்கே தானாகவே பூச்சியமாகிவிடும்.

நம் தீவில் இருந்து எழுதுவதால் இதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஹுடே பிற்காலத்தில் கணிதத்தை விட்டு ஆம்ஸ்டர்டாமின் மேயரானவர், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களுள் ஒருவராகவும் இருந்தவர். 1710இல் டச்சுக்காரர்கள் வெளியேறும்வரை மொரீசியஸ் அந்தக் கம்பெனியின் கையில்தான் இருந்தது. நம் வரலாற்றுப் பாடத்தில் கரும்பும் டோடோ பறவையும் வரும் அந்தப் பக்கத்தில் இவருக்கும் ஓர் இடம் உண்டு என்று நான் நினைக்கிறேன்.

வாக்வா நிரலாளர்:

கணினியில் மூலங்களைக் காண்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். ‘மூலங்களைக் கணினியே தந்துவிடுமே, இரண்டு ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்தால் போயிற்று’ என்று பலர் கருதுகிறார்கள். அந்த வழியில் மடங்கு மூலத்தைப் பிடிக்கவே முடியாது.

(ய − 2)³ = 0 என்பதை விரித்து எழுதினால் ய³ − 6ய² + 12ய − 8. இதன் மாறிலி உறுப்பு, கணினி முழுமைப்படுத்துவதால், 10⁻¹⁵ அளவு மட்டும் மாறுகிறது என்று கொள்ளுங்கள். கணினி வழக்கமாக எண்களை ஏறத்தாழ 16 இலக்கங்களுக்கு வைத்துக்கொள்வதால், இது நடக்கக்கூடிய மாற்றமே. இப்போது சமன்பாடு (ய − 2)³ = 10⁻¹⁵ என்றாகிறது. மூலங்கள் 2இலிருந்து 10⁻⁵ தொலைவுக்கு விலகிவிடுகின்றன. பதினைந்தாம் தசம இடத்தில் நிகழ்ந்த மாற்றம் ஐந்தாம் தசம இடத்துக்கு வந்துவிடுகிறது. ஒரு மூலம் 2.00001. மற்ற இரண்டும் கலப்பெண்கள், 1.999995 என்ற மெய்ப்பகுதியோடு மேலும் கீழுமாக நிற்பவை. மூன்றையும் கலப்பெண் தளத்தில் குறித்தால் 2ஐ நடுவாகக் கொண்ட சமபக்க முக்கோணம் கிடைக்கும். பார்ப்பவருக்கு மூன்று வெவ்வேறு மூலங்கள் இருப்பதாகவே தோன்றும். மடங்கு கூடக் கூட விலகலும் கூடும்.

ஆனாலும் அந்த மூன்றின் சராசரி துல்லியமாக 2தான், ஏனென்றால் மூலங்களின் கூடுதலைத் தருவது ய² இன் கெழு, அது மாறவில்லை. ஆகவே திரைவெளியீட்டில் இப்படிச் சிறு முக்கோணமோ சிறு வட்டமோ தெரிந்தால், நடுப்புள்ளியில் மடங்கு மூலம் இருக்கிறதா என்று ஐயப்பட வேண்டும்.

ஊகித்த மதிப்பைப் படிப்படியாகத் திருத்தி மூலத்தை நெருங்கும் நியூட்டன் முறையும் இங்கே தளர்ந்துபோகிறது. ஒற்றை மூலத்தை நெருங்கும்போது சரியான இலக்கங்கள் ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ இரட்டிக்கும். இரட்டை மூலத்திலோ பிழை பாதியாகக் குறைவதோடு சரி. மும்மடங்கு மூலத்தில் மூன்றில் இரண்டு பங்காகத்தான் குறையும். அந்த வேகத்தில், ஓர் இலக்கம் கூடுதலாகக் கிடைக்க ஆறு படிகள் வேண்டியிருக்கும். ஜெர்மன் கணிதவியலாளர் ஷ்ரோடர் 1870இலேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறார். மடங்கு தெரிந்தால் நியூட்டனின் நகர்வை அந்த மடங்கால் பெருக்கலாம். தெரியாவிட்டால் ப க்குப் பதிலாக ப/ப′ என்ற சார்பை எடுத்துக்கொள்ளலாம், அதில் எல்லா மூலங்களும் ஒற்றை மூலங்களாகிவிடும்.

எனினும் கெழுக்கள் முழு எண்களாக இருந்தால், ஆசிரியர் ஐயா காட்டிய வகுத்தலைத் துல்லிய எண்களில் முதலில் செய்துவிட்டுத்தான் தசமக் கணக்குக்குள் இறங்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஃப்ளாக் பொறியாளர்:

வணக்கம். வகுத்தல் முறையை நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கே எல்லோரும் கெழுக்கள் துல்லியமாகத் தெரியும் என்று கொண்டு பேசுகிறீர்கள். சர்க்கரை ஆலையில் கொதிகலனின் நீர்மட்டக் கட்டுப்பாட்டுக்கு நான் எழுதும் சமன்பாட்டில் ஒவ்வொரு கெழுவும் அளந்து பெற்றது. மூன்று இலக்கங்களுக்கு மேல் எதையும் நம்ப முடியாது.

ய² + 2ய + 1 = 0 என்பதற்கு −1 இரட்டை மூலம். அதிர்வு அடங்கும் அமைப்புகளில் இதையே மாறுநிலைத் தணிப்பு என்கிறோம், ஊசலாட்டமின்றி விரைந்து அடங்கும் நிலை அது. மாறிலி உறுப்பு 0.9999 ஆக இருந்தால் மூலங்கள் −0.99, −1.01. அது 1.0001 ஆக இருந்தால் இரண்டும் கலப்பெண்கள், அதாவது ஊசலாட்டம் உண்டு என்று பொருள். என் கருவியால் இந்த மூன்றையும் வேறுபடுத்திப் பார்க்கவே முடியாது. அப்படியிருக்க, ‘மடங்கு மூலம் உண்டா’ என்ற கேள்விக்கு வகுத்தல் முறை என்ன விடை தரும்? ‘இல்லை’ என்றுதான் எப்போதும் சொல்லும்.

கத்ர்போர்ன் ஆசிரியர்:

நீங்கள் சொல்வது மிகச் சரி ஐயா. விவாதத்தின் நடுப்புள்ளி இதுதான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் எடுத்துக்காட்டில் வகுத்தல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ப = ய² + 2ய + 0.9999, ப′ = 2ய + 2. ப ஐ ய + 1 ஆல் வகுத்தால் மீதி −0.0001. கணிதப்படி மீதி பூச்சியமல்ல, ஆகவே மடங்கு மூலம் இல்லை. ஆனால் மீதி ‘இல்லை’ என்பதை மட்டும் சொல்லவில்லை, எவ்வளவு தொலைவில் இல்லை என்பதையும் சொல்கிறது. கெழுவில் நீங்கள் ஒப்புக்கொள்ளும் பிழை 0.001 என்றால், 0.0001 என்ற மீதி அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே உங்கள் அளவீடுகளோடு முரண்படாத, இரட்டை மூலம் உள்ள சமன்பாடு ஒன்று அருகிலேயே இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். அளந்த கெழுக்களைப் பொறுத்தவரை கேட்கத்தக்க கேள்வியும் அதுதான்.

கணினிக் கணக்கீட்டுப் பிழைகளை ஆய்ந்த கணிதவியலாளர் வில்லியம் கேஹன் 1972இல் இதை ஆழமாகச் சொன்னார். குறிப்பிட்ட மடங்கு அமைப்பைக் கொண்ட பல்லுறுப்புக்கோவைகள் எல்லாம் கெழுக்களின் வெளியில் ஒரு பரப்பாக அமைகின்றன. அந்தப் பரப்பை விட்டு விலகினால் மூலங்கள் சிதறும். பரப்பின் மேலேயே நகர்ந்தால் மடங்கு மூலமும் பெரும்பாலும் அமைதியாகவே நகரும், பெரும் விலகல் நேராது. இந்தக் கருத்தைக் கொண்டு ஜொங்காங் செங் 2005இல் வெளியிட்ட முறை இரண்டு கட்டங்களில் செல்கிறது. தோராயமான பொது வகுத்தியைக் கொண்டு மடங்கு அமைப்பு எது என்று முதலில் முடிவு செய்வது, பிறகு அந்தப் பரப்பில் கொடுத்த கெழுக்களுக்கு மிக அருகிலுள்ள பல்லுறுப்புக்கோவையைக் குறைந்த வர்க்கங்கள் முறையில் தேடுவது. மூலங்களைத் தேடும் முன்னரே மடங்கைத் தீர்மானித்துவிட வேண்டும் என்ற ஒழுங்கு இதிலும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் ஆலைக் கணக்குக்கு ஆறுதலான செய்தியும் உண்டு. மூலங்கள் −0.99, −1.01 என்று பிரிந்தாலும், கலப்பெண்களாக மாறினாலும், நீர்மட்டம் அடங்கும் வளைவரை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். கெழுக்கள் சிறிது மாறினால் வகைக்கெழுச் சமன்பாட்டின் தீர்வும் சிறிதே மாறும். சிதறுவது மூலங்களின் பட்டியல்தானே ஒழிய, கொதிகலனின் நடத்தை அல்ல.

ஃப்ளாக் பொறியாளர்:

மீதியின் அளவைப் பிழையின் அளவோடு ஒப்பிடுவது என்பதை எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அதுவே வேண்டியிருந்தது. ஆனால் படி உயர்ந்தால், வகுத்தலின் ஒவ்வொரு கட்டத்திலும் பிழை பெருகுமே?

வாக்வா நிரலாளர்:

பெருகும் ஐயா. அதனால்தான் தசமக் கெழுக்களில் யூக்ளிட் வகுத்தலை அப்படியே ஓடவிடாமல், கெழுக்களை அணியாக அமைத்து அதன் மிகச் சிறிய ஒருமை மதிப்பை, அதாவது பொது வகுத்தி உள்ள நிலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறோம் என்று காட்டும் எண்ணை, பார்ப்பது வழக்கம். செங்கின் முறையும் அவ்வாறே செய்கிறது.

முழு எண் கெழுக்களில் வேறு வகைத் தொல்லை வரும். மீதிகளின் கெழுக்கள் கட்டத்துக்குக் கட்டம் ஊதிப்பெருத்து, நூற்றுக்கணக்கான இலக்கங்கள் வரை போய்விடலாம். மடங்கு மூலம் இல்லை என்று மட்டும் காட்ட வேண்டுமானால் குறுக்குவழி உண்டு. முதல் கெழு 1 ஆக இருக்கும்போது, கெழுக்களை 7 அல்லது 11 போன்ற ஒரு பகா எண்ணால் வகுத்து மீதிகளை மட்டும் வைத்துக்கொண்டு அதே வகுத்தலைச் செய்யுங்கள். அங்கே பொது வகுத்தி 1 என்று வந்துவிட்டால், மூலச் சமன்பாட்டுக்கும் மடங்கு மூலம் கிடையாது. இதன் மறுதலை உண்மையல்ல. ய² + 1 என்பதன் மூலங்கள் வெவ்வேறானவை, ஆனால் 2ஆல் வகுத்த மீதிகளில் அது (ய + 1)² ஆகிவிடுகிறது.

மடங்கு வாரியாகக் காரணிகளைப் பிரிப்பதற்கு டேவிட் யுன் 1976இல் தந்த முறை இன்றும் கணினி இயற்கணித மென்பொருள்களில் பயன்படுகிறது. ய⁴ − 5ய³ + 6ய² + 4ய − 8 ஐ வைத்து அதன் அடிப்படைக் கருத்தை மட்டும் காட்டுகிறேன். இதற்கும் இதன் வகைக்கெழுவுக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி ய² − 4ய + 4, அதாவது (ய − 2)². மூலக் கோவையை அதனால் வகுத்தால் ய² − ய − 2 = (ய − 2)(ய + 1) கிடைக்கிறது, இதில் ஒவ்வொரு மூலமும் ஒரே ஒரு முறை வருகிறது. இதற்கும் பொது வகுத்திக்கும் பொதுவானது ய − 2. அதை நீக்கினால் எஞ்சும் ய + 1 ஒற்றைக் காரணி. (ய − 2)² இல் ய − 2 இரண்டு முறை இருப்பதால், மூலக் கோவையில் அது மூன்று முறை.

ரோஸ்ஹில் மாணவி:

ஐயாமார் அனைவருக்கும் நன்றி. இதைப் படித்த பிறகு, ‘ய⁵ − 5ய + க = 0 என்பதற்கு மெய்யான இரட்டை மூலம் இருக்க க இன் மதிப்பு என்ன’ என்ற கணக்கை எடுத்துக்கொண்டேன். ப′ = 5ய⁴ − 5 என்பதால் மெய்யெண்களில் ய = 1 அல்லது −1. அவற்றை இட்டால் க = 4 அல்லது −4.

க = 4 என்று வைத்து வகுத்தபோது இப்படி வந்தது:

ய⁵ − 5ய + 4 = (ய − 1)²(ய³ + 2ய² + 3ய + 4)

கெழுக்கள் 1, 2, 3, 4 என்று வரிசையாக வந்ததைக் கண்டு ஆறாம் படிக்கும் செய்து பார்த்தேன்.

ய⁶ − 6ய + 5 = (ய − 1)²(ய⁴ + 2ய³ + 3ய² + 4ய + 5)

எல்லாப் படிகளுக்கும் இது பொருந்துமா?

மோக்கா வாசகர்:

பொருந்தும் தங்கையே. படியை ந என்று கொண்டால் உங்கள் கோவை (யⁿ − 1) − ந(ய − 1) என்று பிரியும் (மேலே ⁿ என்று குறித்திருப்பதும் அந்த ந தான்). முதல் பகுதியில் ய − 1 ஐ வெளியே எடுத்தால், எஞ்சுவதில் 1 முதல் யⁿ⁻¹ வரை ந உறுப்புகள் இருக்கும். அவற்றிலிருந்து ந ஐக் கழித்தால், ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் 1 கழிந்ததாகும். அதாவது ய − 1, ய² − 1, ய³ − 1 என்று வரிசையாக யⁿ⁻¹ − 1 வரை. இவை ஒவ்வொன்றிலும் ய − 1 மறுபடியும் காரணியாக இருக்கிறது. அதை வெளியே எடுத்துவிட்டு, எஞ்சும் தொடர்களைப் படிவாரியாகக் கூட்டிப் பாருங்கள். மாறிலி உறுப்பு எல்லாத் தொடரிலும் வரும், ய ஒன்றில் குறையும், ய² இரண்டில் குறையும், மிக உயர்ந்த படி கடைசித் தொடரில் மட்டும் வரும்.

அடுத்ததாக ஹுடேயின் விதிப்படி, உயர்ந்த படியிலிருந்து 0, 1, 2 என்று தொடங்கும் கூட்டுத் தொடரால் ய⁶ − 6ய + 5 ஐப் பெருக்கிப் பாருங்கள். −30ய + 30 மட்டுமே மிஞ்சும்.